ஏரியை ருசி பார்த்தவர்

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. மயில்சாமி மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் என் அம்மாவின் தம்பி. திருச்செங்கோட்டுக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போடுவதற்காக ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் ரிக் வண்டி ஒன்றில் கம்ப்ரசர் ஓட்டியவர். விடுமுறையில் வந்திருந்தபோது எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து இதை இரண்டு முறை சொன்னார். அவர் கண்ணால் பார்த்ததைப் பார்த்ததாகவும், பிறர் சொல்லிக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுத முயன்றிருக்கிறேன். ஏரி ஒரு தடவை பெருமூச்சு விட்டது என்று அவர் சொன்ன இடத்தை மட்டும், இரண்டாவது முறை கேட்டபோது அவரே சிரித்துவிட்டதால், விட்டுவிட்டேன்.

அந்த வண்டிக்கு சூப்பர்வைசர் செங்கோட்டுவேல். பதினொரு வருடமாக அந்த நாட்டில் இருந்தவர். கம்ப்ரசர் ஓடும் இடத்தில் பேச்சென்றால் கத்தல், கத்தலென்றால் உத்தரவு. அப்படியே பழகிப்போன அவருக்கு வேலை முடிந்து சோறு தின்னும்போதும் குரல் இறங்காது, எதிரில் இருப்பவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்து விழுந்துவிடும். அவர் வாயை மூடி ஆட்கள் பார்த்தது ஒரே ஒரு சமயத்தில்தான். துளையிலிருந்து சேறு பீறிட்டு, சேறு கலங்கலாகி, கலங்கல் தெளிந்து நல்ல தண்ணீர் வரும்போது கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லிவிட்டு, உள்ளங்கையில் ஏந்தி வாய் நிறைய வாங்கிக் கண்ணை மூடிக்கொள்வார். காத்திருக்கும் கிராமம் முழுவதும் அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு துப்பிவிட்டு, உப்பு என்பார், அல்லது இரும்பு என்பார், அல்லது குடிக்கலாம் என்பார். இந்தப் பழக்கம் முற்றிப்போய், விமான நிலையக் குழாயானாலும் ஓட்டல் டம்ளரானாலும் அவர் முதல் வாயை விழுங்குவதில்லை; கண்ணை மூடி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மறுவாய்.

ஒருமுறை வண்டியின் முக்கியமான பாகம் ஒன்று உடைந்து, மாற்றுப் பாகம் கப்பலில் வரும்வரை வேலை நின்றுபோனது. அதே சமயம் அவர் மனைவி கோகிலவாணி, இத்தனை வருடங்களில் முதல் தடவையாக, ஒரு மாத விசாவில் அங்கே வந்திருந்தார். முதலாளி ஊரிலிருந்து போன் செய்து, எல்லாரும் ஏரிப்பக்கம் போய் நாலு நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அதோடு இன்னொன்றும் சொன்னார்: புது வண்டி ஒன்று கப்பல் ஏறிவிட்டது, அதற்கு இன்னும் மூன்று வருடம் செங்கோட்டுவேல்தான் பொறுப்பு, திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். "ஊட்டுல சொல்லிட்டுச் சொல்றனுங்க" என்றார் செங்கோட்டுவேல். வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. கோகிலவாணி அவரைக் கையோடு ஊருக்குக் கூட்டிப் போகவே வந்திருக்கிறார் என்று வண்டி ஆட்கள் எல்லாரும் நம்பினார்கள், அவரும் நம்பினார். ஏரிக்காற்றில் மனசு இளகியிருக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மலாவி ஏரியை ஏரி என்று சொல்ல மாமாவுக்கு நா வரவில்லையாம். அக்கரை தெரியாது, அலை அடிக்கும், மணல் இருக்கும், அள்ளிக் குடித்தால் மட்டும் உப்பு இருக்காது. தூரத்தில் தண்ணீருக்கு மேலே ஆலைப் புகை மாதிரி கருப்பாக எழுந்து நிற்பது புகையில்லை, ஏரியிலிருந்து கிளம்பும் கோடிக்கணக்கான சிறு பூச்சி. காற்று அதைக் கரைக்குக் கொண்டுவந்தால் பெண்கள் கூடையை வீசிப் பிடித்து அடை தட்டிவிடுவார்கள். அவர்கள் தங்கிய விடுதி மேற்குக்கரையில் ஒரு சின்ன மீனவ ஊரை ஒட்டி இருந்தது. நடத்தியவர் மாயி சிர்வா. மாயி என்றால் அந்த ஊரில் அம்மா. கயாக் என்கிற ஒடுக்கமான படகு ஓட்டுவது, பாறையிலிருந்து குதிப்பது, கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்ப்பது, கழுகுக்கு மீன் எறிவது எல்லாவற்றுக்கும் லிம்பானி என்ற வழிகாட்டிதான் ஆள். நிதானமானவர், முப்பது வயதிருக்கும்.

முதல் நாள் கணவனும் மனைவியும் ஒரே கயாக்கில் ஏறினார்கள். பின்னால் இருந்தவர், வலது போடு, இடது போடு, நிறுத்து, ஏன் நிறுத்தினாய் என்று கத்திக்கொண்டே குழாய் இறக்குகிற பலத்தோடு துடுப்பைப் போட்டதில், கயாக் ஒரே இடத்தில் கோழி மிதித்த புழு மாதிரி சுற்றியது. கரையில் இருந்த வண்டி ஆட்கள், அண்ணன் ஏரியிலயும் போர் போடறாரு என்றார்கள். கோகிலவாணி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கழுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் லிம்பானி அவர்களை ஒரு பாறைத்தீவின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். யானைகளைக் கொட்டிக் குவித்தது போல் தண்ணீருக்கடியில் பாறைகள். நடுவே நீலத்திலும் மஞ்சளிலும் மீன்கள். செங்கோட்டுவேல் மட்டும் மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரம் மிதந்தார். பிறகு ஏரியை ருசி பார்க்க அவருக்கு ஆசை வந்தது. மேல்தண்ணீர் ஏமாற்றும், அடித்தண்ணீரைத்தான் நம்பவேண்டும் என்பது கிணறு போடுகிறவர்களின் எண்ணம். அதனால் மூச்சுக்குழாயைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு ஆள் ஆழம் முங்கி, அங்கே வாயைத் திறந்தார்.

லிம்பானி பின்னால் விளக்கியது இது: அதே நேரத்தில், அதே பாறையிடுக்கில், ஒரு தாய்மீன் தன் வாயில் வைத்திருந்த குஞ்சுகளை மேய்ச்சலுக்கு வெளியே விட்டிருந்தது. பெரிய மீன்கள் வந்தன. தாய் ஒரு பக்கம் துரத்தப்பட்டது. அரிசி அளவில் கருப்பாக இருந்த அத்தனை குஞ்சுகளும் திரும்பிப் பார்த்தபோது எதிரில் திறந்த வாய் ஒன்று இருந்தது. சந்தைக்குப் போன குடும்பம் மழைக்கு வீடு திரும்புவது போல எல்லாம் அதற்குள் போய்விட்டன. ருசி பார்க்கும்போது வாயை மூடிக்கொள்வது வழக்கமாதலால் செங்கோட்டுவேல் வாயை மூடிக்கொண்டார்.

அந்த ஏரியின் மீன்களில் பல குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காப்பவை என்பது உண்மை. நான் விலங்கியல் படித்தவன். எங்கள் பாடத்தில் அதற்கு ஒரு பத்தி உண்டு. மனிதரைப் பற்றி அந்தப் பத்தியில் எதுவும் இல்லை.

மேலே வந்தவரிடம் கயாக்கிலிருந்த மாமா, உப்பா நல்லதா என்று கேட்டார். பதில் இல்லை. செங்கோட்டுவேலிடமிருந்து பதில் வராதது மாமாவுக்கு அதுதான் முதல் முறை. கன்னம் இரண்டும் உப்பி, உள்ளே ஏதோ மெல்ல நெளிவது தோலுக்கு மேல் தெரிந்தது. லிம்பானி கிட்டே வந்து பார்த்துவிட்டு, மழை வருகிறது என்பது போல, "வைத்திருக்கிறார்" என்றார். துப்பச் சொல்லுங்கள் என்றார் மாமா. லிம்பானி தண்ணீரைக் காட்டினார். செங்கோட்டுவேலின் காலுக்கடியில் பெரிய மீன்கள் வரிசை கட்டி நின்றன. கயாக் கரைக்குத் திரும்பும்வரை அவை அதே வரிசையில் பின்னால் வந்தன.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைத்தான் மாமா ரொம்ப நேரம் சொன்னார். யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஆவதை முதலில் பார்த்தார்கள். மாயி சிர்வா அவருக்கு வைத்த மீன்குழம்பை எடுத்துப்போய்விட்டு, குஞ்சு வைத்திருப்பவர்கள் சாப்பிடுவதில்லை என்றார், அவருக்கும் பசிக்கவில்லை. அறையில் இருந்தால் வாய்த்தண்ணீர் சூடாகிவிடும் என்று, கரையில் பெண்கள் பாத்திரம் கழுவும் தட்டைப்பாறையில் அவரை உட்காரவைத்தார்கள். அங்கே ஆண்கள் உட்காருவதில்லை. ஆனாலும் இவர் இப்போது எந்தப் பக்கம் என்று பெண்கள் தங்களுக்குள் பேசி முடித்து, நகர்ந்து இடம் விட்டார்கள். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, குனிந்து, உதட்டைக் கீற்றாகத் திறந்து பழைய தண்ணீரை விட்டுப் புதுத் தண்ணீரை வாங்க அவர்களே கற்றுக்கொடுத்தார்கள். மீனவர்கள் கூடிப் பேசி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் உள்ள தண்ணீரில் வலை போடுவதில்லை என்று நிறுத்திவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் அறிவிப்புகளோடு அறிவிப்பாக, தட்டைப்பாறைக்குப் பக்கத்தில் யாரும் வேடிக்கையாகப் பேசக் கூடாது, அவர் சிரித்துவிட்டால் பொறுப்பு யார் என்று கேட்டார். அதுவரை அப்படி ஒன்று தோன்றியிராத பிள்ளைகள், மறுநாளிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று குரங்கு மாதிரி நடந்து காட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை. அவரை அதுவரை ஐயா என்று கூப்பிட்டவர்கள் அமாயி, அதாவது அம்மா, என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள். வண்டி ஆட்கள் அதைக் கேட்டு மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவேண்டும். கேட்கப்பட்டவர் நன்றாக இருக்கிறேன், நீங்கள் எப்படி என்று திருப்பவேண்டும். அது இல்லாமல் கடந்துபோவது அவமரியாதை. பதில் சொல்ல முடியாதவரிடம் கேட்பதும் அவமரியாதை. ஆகையால் கேள்வியை விட்டுவிட்டுத் தங்கள் பதிலை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிப் போனவர்களில் ஒருத்தி, திரும்பி வந்து, நன்றாக இல்லை என்றாள். பாறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பேசினாள். அவருக்கு அந்த மொழியில் தண்ணீர், பாறை, ஆழம் தவிர எதுவும் தெரியாது. இருந்தாலும் இடையில் பேச முடியாததாலோ என்னவோ, முழுவதையும் கேட்டார். அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு மேல் வரிசை நிற்க ஆரம்பித்தது. வலைக்காரர், டீச்சர், மருமகளோடு சண்டை போட்ட மாமியார், தனியாக அந்த மருமகள், விடுதிக்கு ஏரி பார்க்க வந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர். கிழவர் தன் மொழியில் பேசிவிட்டுப் போய், அன்றைக்குப் பாறையிலிருந்து ஏரிக்குள் மூன்று தடவை குதித்தார்.

என்ன சொல்கிறார்கள் என்று கோகிலவாணி மாயி சிர்வாவிடம் சைகையில் கேட்டார். அது அவர் வாய்க்குள் போனது, எனக்கு எப்படித் தெரியும் என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை முதலாளி போன் செய்தார். மாமாதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அண்ணனால் பேச முடியாது என்றார். குடித்திருக்கிறானா என்று முதலாளி கேட்டார். இல்லை, பக்கத்தில்தான் இருக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். "அப்பச் சரி. செங்கோட்டு, புது வண்டிக்கு மூணு வருசம் நீதான், பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்குவேன்" என்றது போன். செங்கோட்டுவேல் போனையே பார்த்தார். சரி என்பது சின்ன வார்த்தை. அதைச் சொல்லத்தான் இத்தனை நாளாக அவர் காத்திருந்தார். வாயைத் திறந்தால் போதும். பாறையடியில் பெரிய மீன்களின் வரிசை இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோகிலவாணி மாமா கையிலிருந்து போனை வாங்கினார்.

"அவரு வாய்ல ஒரு வேல நடந்துட்டு இருக்குதுங்க. முடிஞ்சதும் கூப்பிடச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். புது வண்டியைப் பற்றி முழுவதும் கேட்டுவிட்டவர், அதைப் பற்றி எதுவும் கேட்காமல் விடுதிக்குப் போனார்.

அன்று மதியம் வரிசையில் கடைசி ஆளாக, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவருக்குப் பின்னால் கோகிலவாணி நின்றார். மாயி சிர்வா பார்த்துவிட்டு, வீட்டுக்காரி எதற்கு வரிசையில் நிற்கிறாய், முன்னால் போ என்று கையைப் பிடித்தார். அவர் நகரவில்லை. முறை வந்ததும் புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி எதிரே உட்கார்ந்தார். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த மாமா குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நில்லுங்க தம்பி, வெயில் ஏறுதுல்ல என்றார் கோகிலவாணி. அதனால்தான் இது எனக்குத் தெரிந்தது. மாமா இந்த இடத்தை மட்டும் இரண்டு முறையும் ஒரே மாதிரி, குரலைத் தணித்துச் சொன்னார்.

"ஏனுங்க, உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் நான் வந்திருக்கறேன்னு இவங்கல்லாம் நெனச்சுட்டு இருக்காங்க. நானும் அப்படி நெனச்சுட்டுத்தான் ஏரோப்ளேன் ஏறுனேன். புது வண்டி சங்கதி எனக்கு ஊர்லயே தெரியும். முதலாளி ஊட்டுக்காரம்மா கோயல்ல வெச்சுச் சொல்லிருச்சு. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்.

"வர்றேன்னு சொல்லுவீங்க, வருவீங்க. வர முடியாதும்பீங்க, வரமாட்டீங்க. எங்கப்பா செத்தப்ப, நான் வல்ல, எல்லாத்தையும் நல்லபடியாப் பண்ணீருன்னு சொன்னீங்க. பண்ணுனேன். நம்ம மக வித்யாவக் காலேஜ்ல சேத்தியாச்சுன்னு சொல்லக் கூப்பிட்டா, எந்தக் காலேஜ்ல சேத்தோணும்னு அர மணி நேரம் சொன்னீங்க. எல்லாத்துக்கும் சரின்னேன். சரிங்கறதத் தவர எனக்கு வேற வேலயே நீங்க வெக்கல. வரட்டுமா, இருக்கட்டுமா, என்ன பண்ணட்டும்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? கேட்டிருந்தா, இன்னும் மூணு வருசம் இருந்துட்டு வாங்கன்னு நானே சொல்லியிருப்பனோ என்னமோ. எனக்கே தெரியாது. யாராச்சும் கேட்டாத்தான யோசிக்கறதுக்கு?"

செங்கோட்டுவேலின் வாய் அசைந்தது. பதினொரு வருடப் பதில்கள் முழுவதும் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றதை மாமா பார்த்தாராம். உதட்டோரம் ஒரு கீற்று திறந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்தது.

"தொறக்காதீங்க" என்றார் கோகிலவாணி. "இப்பத் தொறந்தா நீங்க ஒரு பதில் சொல்லீருவீங்க. அதோட முடிஞ்சு போயிரும்."

கீற்று மூடியது. அவர் அழுதார், மூக்கு அடைத்துக்கொண்டால் மூச்சுக்கு என்ன செய்வது என்று மாமாவுக்குக் கவலையாகிவிட்டது. கோகிலவாணி தன் முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டு, எழுந்து, அடுத்த நாளுக்கு இடம் பிடிக்க வந்திருந்தவளுக்கு வழிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மதியத்தில் அவர் வரிசைக்கு வரவில்லை. காலையில், வெயில் ஏறுவதற்குள், கணவரைக் கயாக்கின் முன்னால் உட்காரவைத்துத் தான் பின்னால் உட்கார்ந்து தீவுவரை போய்வந்தார். லிம்பானி சொல்லிக்கொடுத்தபடி அவசரமில்லாமல் துடுப்பைப் போட்டார். முன்னால் இருந்தவர் அவர் போடும் சத்தத்தைக் கேட்டுத் தன் துடுப்பைப் போட்டார். தாய்மீன் தென்படுகிறதா என்று பார்க்கத்தான் போனார்கள். அது தென்படவில்லை.

குஞ்சுகள் எப்போது போகவேண்டும் என்பதைக் குஞ்சுகளே முடிவு செய்தன. ஒரு காலை, தட்டைப்பாறை ஓரத்தில் புதுத் தண்ணீருக்காக அவர் உதட்டைத் திறந்தபோது ஒன்று வெளியே வந்து பாசியைக் கொத்தியது. பின்னாலேயே நாலைந்து. ஒரு நாரையின் நிழல் தண்ணீரில் விழுந்ததும் எல்லாம் உள்ளே ஓடின, அவர் மூடிக்கொண்டார். மறுபடி வந்தன, மறுபடி போயின. ஊர் அவரவர் கைவேலையோடு கரையில் வந்து நின்றது. மீனவர்கள் சுற்றிலும் தண்ணீரில் இறங்கி, பெரிய மீன்கள் வராமல் கால்களாலேயே வேலி கட்டினார்கள். உச்சிப்பொழுதில் நிழல் ஒன்று கடந்தது. குஞ்சுகள் இந்தத் தடவை பாறையிடுக்குக்குள் போயின. அவர் இன்னும் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்தார். எதுவும் திரும்பவில்லை. குரங்கு மாதிரி நடந்த பிள்ளைகளில் ஒருத்தி, போயிடுச்சு, மூடிக்கலாம் என்று தன் மொழியில் சொன்னாள்.

மாயி சிர்வா மக்காச்சோளக் கஞ்சி கொண்டுவந்தார். தண்ணீர் எப்படி என்று செங்கோட்டுவேல் இனித்தான் சொல்லப்போகிறார் என்று மாமா நினைத்தார். வண்டி ஆட்கள் பழக்கத்தில் அமைதியாகிவிட்டார்கள். செங்கோட்டுவேல் கோகிலவாணியைப் பார்த்தார். குரல் எழும்பவில்லை; கம்ப்ரசர் ஓடியிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது.

"நான் என்ன பண்ணட்டும்?"

கோகிலவாணி கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிச் சூடு பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றேன். இதக் குடிங்க மொதல்ல."

சாயந்தரம் முதலாளி மறுபடி கூப்பிட்டார். "இன்னும் சொல்லலீங்க. சொன்னதும் சொல்றேன்" என்றார் செங்கோட்டுவேல். யார் சொல்லவேண்டும் என்று முதலாளி கத்தியது மாமாவுக்கே கேட்டது. ஊட்டுலீங்க என்று சொல்லிவிட்டு, அவசரப்படாமல் போனை வைத்தார்.

மாமாவுக்கு மறுநாள் விமானம். விடுமுறை முடிந்ததும் வேறொரு கம்பெனி வண்டியில் கானாவுக்குப் போய்விட்டார். கோகிலவாணி யோசித்து என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது. ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் பழைய வண்டி ஆட்களையும் அவர் நம்பவில்லை. முடிவு தெரியாமல் எழுத எனக்குத் தயக்கமாக இருந்தது. ஐப்பசி மாதத்தில், மாமா கொடுத்த செங்கோட்டுவேலின் வாட்ஸ்அப் எண்ணில் நானே கூப்பிட்டேன். என் அம்மா பெயரையும் மாமா பெயரையும் சொல்லி, எங்கே இருக்கிறீர்கள் அண்ணா, அங்கேயா, ஊரிலா என்று கேட்டேன்.   போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் கேட்பது கேட்டது: "கோகிலா, சொல்லட்டுமா?"

உள்ளிருந்து ஒரு பெண்குரல் யார் என்று கேட்டது. அவர் விளக்கினார். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம். பிறகு அவர் என்னிடம், அப்புறமாகச் சொல்கிறாளாம் தம்பி, என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஆகவே அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அதை மட்டும் சரிபார்த்துக்கொண்டேன்.